ஏழு கறியும் எங்கிருந்து வருகின்றன? மொரிஷியஸ் கோயில் சமையற்குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

தைப்பூசக் காவடியன்று வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறும் கோயில்களின் சமையற்குழுவினருக்காக இது எழுதப்படுகிறது. அன்னதானத்துக்கான கொள்முதலை எந்த அளவுக்குத் தீவின் விவசாயிகளிடமும் ஊர்க் கடைகளிடமும் திருப்ப முடியும், அதை எப்போது தொடங்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பவையே இதன் பொருள். திருமணப் பந்திக்கும், சித்திரையிலும் ஆடியிலும் காவடி எடுக்கும் கோயில்களுக்கும் இதே முறை பொருந்தும்; மாதக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இறக்குமதியைத் தீண்டக்கூடாது என்று சொல்லும் வழிகாட்டி இது அன்று. மொரிஷியஸ் உலக வணிகத்தால் உருவான தீவு. கரும்பை நட்டு, சர்க்கரையை விற்று, அரிசியை வாங்கித் தின்றே நம் முன்னோர் இங்கே வேரூன்றினர். 1975இல் வந்த சர்க்கரை ஒப்பந்தத்தின்படி ஐரோப்பா ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 லட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலைக்கு எடுத்துக்கொண்டது. 1970இல் தொடங்கிய ஏற்றுமதித் தொழில் மண்டலம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் தந்தது. 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானதும் அந்த வருவாயின் காலத்தில்தான். ஆனால் அதே வணிகம் திரும்பியபோது நம்மைக் கேட்டுக்கொண்டு திரும்பவில்லை. எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த உலக ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரியில் முடிந்தது. அதற்கு முன்பிருந்தே துணி ஆலைகள் மூடத் தொடங்கி, ஒரு காலத்தில் 90,000 பேர் வேலை செய்த ஏற்றுமதி மண்டலத்தில் 70,000க்கும் குறைவானவர்களே எஞ்சினர். 2006 முதல் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2009இல் ஒப்பந்தமே முடிந்தது. சிறு விவசாயிகள் பலர் கரும்பு நிலத்தைத் தரிசாக விட்டனர். அந்த நிலத்தில் ஒரு துண்டிலாவது காய்கறி விளைய வேண்டுமானால், விளைந்ததை வாங்க முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும் ஒருவர் வேண்டும். ஆண்டுதோறும் ஒரே விழாவுக்கு, ஏறக்குறைய ஒரே அளவில் காய் வாங்கும் கோயிலைவிட அதற்குப் பொருத்தமானவர் ஊரில் யார் இருக்கிறார்கள்?

முதலில் ஏடு

சென்ற ஆண்டின் ரசீதுகளை எல்லாம் ஒரு மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு பொருளையும் மூன்று பத்திகளில் ஒன்றில் எழுத வேண்டும்: தீவில் விளைந்தது, வெளியிலிருந்து மூலப்பொருளாக வந்து இங்கே பதப்படுத்தப்பட்டது, அப்படியே கப்பலில் வந்து இறங்கியது. பூரிக்கான மாவு இரண்டாம் பத்தியில் வரும், ஏனெனில் கோதுமை வெளிநாட்டுடையது, அரைவை போர்ட் லூயியில் நடக்கிறது. அரிசியும் பருப்பும் பால்மாவும் பூண்டும் மூன்றாம் பத்தி. பரங்கிக்காய், கத்தரிக்காய், சௌசௌ, பச்சை வாழைக்காய், கீரை ஆகியவை பொதுவாக முதற்பத்திக்குரியவை. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பத்தியிலும் எழுதிவிடக்கூடாது. ஆண்டின் ஒரு பகுதியில் உள்ளூர்க் கிழங்கும், மற்றப் பகுதியில் இறக்குமதிக் கிழங்கும் ஒரே கடையில் ஒரே கூடையில் கிடக்கும். மூட்டையின் மேலுள்ள எழுத்தைப் பார்த்தே எழுத வேண்டும்.

இந்நாட்டின் உணவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெளியிலிருந்து வருகிறது என்றாலும், பச்சைக் காய்கறியில் தீவு பெரும்பாலும் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆகவே ஏழு கறிப் பந்தியின் ஏட்டில் முதற்பத்தி நிறைந்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். எங்கள் ஏட்டை முதல் முறை எழுதியபோது அப்படி இருக்கவில்லை. காய்கறியாக இலையில் விழுந்தவற்றுள்கூடப் பல, உறைபனிப் பெட்டியிலிருந்தும் தகரக் குவளையிலிருந்தும் வந்தவையாக இருந்தன.

இன்னொரு பத்தியும் உண்டு: பணம் யார் கையில் போனது என்பது. பொருள் எங்கே விளைந்தது என்பது ஒரு கேள்வி. அதை விற்ற இலாபம் எங்கே தங்கியது என்பது வேறு கேள்வி. பெருங்கடையின் பெயர்ப்பலகை பிரான்சுடையதாக இருக்கும், முதல் போட்டவர் உள்ளூர்க்காரராக இருப்பார், நேர்மாறாகவும் இருக்கும். விசாரிக்காமல் முடிவு கட்ட வேண்டாம். அதேபோல உள்ளூர்க் காய் என்று எழுதிய நூறு ரூபாயும் முழுவதுமாகத் தீவில் தங்கிவிடாது. விதை, உரம், டீசல் ஆகியவற்றின் பங்கு அதிலிருந்து வெளியே போகும். இருந்தும் உழைத்தவர் கூலியும் வண்டி வாடகையும் ஊரிலேயே தங்குகின்றன. அந்தக் கூலி மறுநாள் ஊர்க் கடையில் செலவாகிறது.

இங்கே ஒரு சிறு இடைப்பேச்சு. 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி அச்சிட்டபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, தமிழ் பழையபடி இரண்டாம் இடத்துக்கு வந்தது. எழுத்துக்காக அவ்வளவு நின்ற நாம், அந்த நோட்டு கோயில் உண்டியலிலிருந்து எந்தத் திசையில் நடந்து போகிறது என்று இதுவரை உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில்லை.

உபயப் பட்டியல்

கோயிற்பணத்தில் வாங்குவதைவிட உபயமாக வருவதே பல கோயில்களில் அதிகம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உபயதாரர் பக்தியோடு வருகிறார். வரும் வழியில் பெருங்கடையில் எது தள்ளுபடியில் இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். முடிவில் சமையற்கட்டில் அரிசி மூட்டை மலையாகக் குவிந்திருக்கும். கத்தரிக்காய்க்கு மட்டும் ஆள் இருக்காது.

ஆகஸ்டு மாதத்திலேயே உபயப் பட்டியலை அச்சிட்டுக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். அதில் “காய்கறி உபயம்” என்று பொதுவாக எழுதாமல், “பரங்கிக்காய் 20 கிலோ”, “வாழையிலை 200”, “பச்சை வாழைக்காய் 2 தார்” என்று அளவோடு எழுத வேண்டும். உபயதாரர் பொருளாகக் கொண்டுவரத் தேவையில்லை. அதற்கான தொகையைக் கட்டினால் கோயில் விவசாயியிடம் நேரே வாங்கிக்கொள்ளும் என்பதையும் அதே தாளில் சொல்லிவிடுங்கள். வயதில் மூத்தவர்கள் சிலர் தம் கையால் கொண்டுவந்து வைத்தால்தான் நிறைவு என்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். விவசாயி காயை இறக்கும் காலையில் அவர்களை வரச்சொல்லி, கூடையை அவர்கள் கையால் மடைப்பள்ளிக்குள் வைக்கச் செய்தால் போதும். பட்டியலில் காய்களின் பெயரைத் தமிழிலும் கிரியோலிலும் எழுதுவது நல்லது. பரங்கிக்காய் என்றால் விழிக்கும் நம் பிள்ளைகள் ஜிரோமோன் என்றதும் புரிந்துகொள்வார்கள்.

பூசத்திலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

இந்த வேலையின் கடினமான பகுதி இது. தைப்பூசம் புயற்காலத்தின் நடுவில் வருகிறது. நவம்பரில் தொடங்கும் புயற்காலம் ஏப்ரல் வரை நீள்கிறது. பூசமோ 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று அதற்குள்ளேயே நகர்கிறது.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயியின் தெருக்களை வெள்ளக்காடாக்கியது. பூசத்துக்கு இருந்தவை பத்தே நாட்கள்; கொடியேற்றி விரதம் தொடங்கும் நேரம். நான் இருந்த குழுவிடம் ஒரு விவசாயியின் தொலைபேசி எண்கூட இல்லை. எல்லாவற்றையும் தருவதாகச் சொல்லியிருந்த மொத்த வியாபாரி ஒருவர் கடைசி வாரத்தில் கைவிரித்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் நாங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறெதுவும் வைத்திருக்கவில்லை. அந்த ஆண்டு ஏழில் இரண்டு கறிகள் வெளிநாட்டு உறைபனிப் பொட்டலத்திலிருந்து கொப்பரைக்குப் போயின. முருகன் ஏற்றுக்கொண்டிருப்பார்; சமையற்காரர் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகப் பின்னோக்கி எண்ணுங்கள். பரங்கிக்காய்க்கு விதை ஊன்றியதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் வேண்டும். ஆனால் பறித்த பின் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இரண்டு மாதமாவது தாங்கும். எனவே ஆகஸ்டில் ஊன்றச் சொல்லி, புயல் உச்சமாவதற்கு முன்பு டிசம்பரிலேயே பறித்துக் கோயில் மண்டபத்தின் பின்புறத்தில் மரப்பலகை மேல் அடுக்கிவிடலாம். காம்பை ஓரங்குலம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்; காம்பு ஒடிந்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகும். கத்தரிக்கு நாற்று நட்டதிலிருந்து இரண்டரை, மூன்று மாதம் ஆகும். அக்டோபர் இறுதிக்குள் நாற்று வயலில் இருக்க வேண்டும். பீன்ஸ் ஐம்பது, அறுபது நாளில் வந்துவிடும் என்பதால் டிசம்பர் முதல் வாரத்தில் விதைத்தால் போதும். முதல் விதைப்பு மழையில் போனாலும் சில சமயம் மறுவிதைப்புக்கு நேரம் இருக்கும். சௌசௌ பந்தலில் ஏறும் கொடி. பலத்த காற்று அடித்தால் பந்தலே சாயும். அதை மட்டும் நம்பி ஒரு கறியைத் திட்டமிட வேண்டாம்.

மண்ணுக்குள் விளைவது புயலுக்குத் தப்பும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு ஆகிய மூன்றையும் நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பந்தியில் அவை ஏழைச் சாப்பாடாகக் கருதப்பட்டு ஒதுங்கிப்போயின. ஏழு கறியில் ஒன்றைச் சேம்புக்கோ சர்க்கரைவள்ளிக்கோ எழுதிவைக்குமாறு சமையற்காரரைக் கேளுங்கள். வேறு எல்லாம் வயலோடு போனாலும் அந்த ஒரு கறி இலைக்கு வரும்.

ஒரே ஊரில் எல்லாவற்றையும் வாங்குவது நெருக்கமாகத் தோன்றும். ஆனால் அது ஆபத்து. மேட்டு நிலத்துக் கியூர்ப்பிப் பக்கம் மழை அதிகம், மேற்குக் கரை வறண்டது, கிழக்கே பெல்மார் கடலோர மணலில் வெங்காயம் விளைகிறது. ஒரு காய்க்குக் குறைந்தது இரண்டு விவசாயிகள், அவர்கள் தீவின் இரண்டு பக்கங்களில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் குழு இப்போது பின்பற்றும் விதி.

அளவு பற்றி: ஒரு கறிக்கு ஆளுக்கு 80 கிராம், தோல் சீவிய பின் என்று கொண்டால் 1,000 பேருக்கு 80 கிலோ. பரங்கியில் கால் பங்கு தோலும் விதையுமாகப் போகும். எனவே ஏறக்குறைய 107 கிலோ வாங்க வேண்டும். அதற்கு மேல் பத்து விழுக்காடு அழுகலுக்கு என்று சேர்த்து எழுதுங்கள். விவசாயியிடம் “கொஞ்சம் கூடவே போடுங்கள்” என்று சொல்லக்கூடாது. எத்தனை கிலோ என்று சொன்னால்தான் எத்தனை குழி தோண்டுவது என்று அவர் கணக்கிட முடியும்.

விலையும் வாக்கும்

விவசாயியின் காய் வழக்கமாக ஏலத்துக்குப் போகிறது. காலையில் எவ்வளவு வரத்து என்பதைப் பொறுத்து விலை ஏறும், விழும். தரகு கழித்துக் கையில் வருவது எவ்வளவு என்பது அன்றுதான் தெரியும். வூட்டனில் தேசிய மொத்தச் சந்தை வந்த பிறகும் விலை நாளுக்கு நாள் ஆடுவது மாறவில்லை. கோயில் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி சற்றுக் கூடுதலான விலை என்று பலர் நினைக்கிறார்கள். விவசாயிகளோடு பேசிப் பார்த்ததில் நான் வேறு முடிவுக்கு வந்தேன். அவர்களுக்கு வேண்டியது முன்கூட்டியே எழுதப்பட்ட வாக்கும், அதோடு வரும் முன்பணமும்தான்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. காய், கிலோ, இறக்கும் நாள், கீழ்விலை, மேல்விலை, முன்பணம் ஆகியவை போதும். சந்தை எவ்வளவு விழுந்தாலும் கோயில் கீழ்விலைக்குக் குறையாமல் கொடுக்கும். எவ்வளவு ஏறினாலும் விவசாயி மேல்விலைக்கு மேல் கேட்க மாட்டார். மேல்விலையைப் பேசும்போதுதான் கவனம் தேவை. புயலுக்குப் பிறகு சந்தையில் விலை மூன்று மடங்கு ஏறியிருக்கும்போது, கோயிலுக்குப் பேசிய காயை வேறிடத்தில் விற்கத் தோன்றுவது மனித இயல்பு. அதைப் பாவம் என்று பேசுவதைவிட, மேல்விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைக் கோயில் ஏற்கும் என்று முதலிலேயே எழுதிவிடுவது பயன் தரும்.

முன்பணம் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். விதைப்புக்கு முன் கொடுக்க வேண்டும். கோயிலில் அந்த நேரத்தில் பணம் இருக்காது என்பார்கள். உறுப்பினர் பன்னிரண்டு பேர் மாதச் சீட்டுப் போட்டால், பூசத்துக்கு முந்தைய ஆகஸ்டில் எடுக்கும் தவணையைக் கோயிலுக்கென்று ஒதுக்கலாம். உபயத் தொகை வந்ததும் அது சீட்டுக்குத் திரும்பும். இதைவிடப் பெரிய அளவில் செய்ய விரும்புவோர் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யலாம். இந்நாட்டில் கூட்டுறவு இயக்கம் 1913இல் சிறு கரும்பு விவசாயிகளின் கடன் சங்கங்களாகத் தொடங்கியது. சட்டமும் பதிவாளரும் ஏற்கெனவே இருக்கின்றனர். ஆனால் முதல் ஆண்டிலேயே சங்கம் தொடங்க வேண்டாம். கூட்டக் குறிப்பு எழுதுவதிலேயே காய் முற்றிவிடும்.

புயலில் பயிர் அழிந்தால் முன்பணம் என்ன ஆகும்? பாதியைக் கோயில் தாங்க வேண்டும், மீதியை அடுத்த ஆண்டுக் காயில் கழித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குழுவில் இதற்கு எதிர்ப்பு வரும். கோயிற்பணம் வீணாகிறது என்பார்கள். இறக்குமதியாளருக்குக் கப்பற்கூலி ஏறியபோதும், 2020க்குப் பிறகு டாலருக்கு எதிராக நம் ரூபாய் சரிந்தபோதும், கூடுதல் விலையை முணுமுணுக்காமல் கட்டியவர்கள் நாமே என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். புண்ணியத்தின் பெயரால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். விவசாயி தானாகத் தர விரும்பினால் அதை உபயமாக எழுதி அவர் பெயரைச் சொல்லுங்கள், விலையில் கழிக்க வேண்டாம். அடுத்து, உள்ளூர் என்பதாலேயே காய் தூயது ஆகிவிடாது. கடைசியாக எந்த நாளில் மருந்து தெளித்தார், மருந்துப் புட்டியில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் விடச் சொல்லியிருக்கிறது என்று கேட்டு ஒப்பந்தத் தாளிலேயே குறியுங்கள். பத்து நாள் விரதமிருந்து வெறும் வயிற்றோடு வருபவர்களுக்குப் போடும் சாப்பாடு இது. விவசாயிக்கு ஐயம் இருந்தால் வேளாண் ஆராய்ச்சி, விரிவாக்க நிறுவனமான ஃபரேயின் அலுவலரைக் கேட்கச் சொல்லலாம்.

கப்பலில் வந்தே தீர வேண்டியவை

அரிசி, எண்ணெய், பருப்பு, சூடம். இவற்றில் நாடகம் போட வேண்டாம். அரிசியை உள்ளூரில் தேடி அலைவது நேர விரயம். ஆனால் அதை யாரிடம் வாங்குவது என்பது நம் கையில் இருக்கிறது. ஊர் மூலையில் இன்னும் திறந்திருக்கும் சிறு கடையில் வாங்கினால், அந்த இலாபம் தெருவிலேயே தங்கும். சம்பளம் வராத மாதத்தில் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுத்த சீனர் கடையும் தமிழர் கடையும் நம் தாத்தாக்களைக் காப்பாற்றியவை. 2020 கொரோனா ஊரடங்கில் மார்ச் 24 முதல் ஏப்ரல் 1 வரை பெருங்கடைகள் எல்லாம் அரசாணையால் மூடிக்கிடந்து, பிறகு குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்து நாள் ஒதுக்கியபோது, கொல்லையில் கீரையும் கூரையில் சௌசௌவும் இருந்த வீடுகளே நிம்மதியாக இருந்தன. மூலைக் கடைக்காரரிடம் இரண்டு மாதம் முன்பே மூட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டால் அவரும் மொத்த விலைக்கு எடுத்துத் தர முடியும். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகலாம். ஐந்து விழுக்காடு வரை ஏற்கலாம் என்று எங்கள் குழு வரையறுத்தது. அதற்கு மேல் போனால் உபயதாரர் பணத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பருப்பில் ஒரு சிறு திருப்பம் சாத்தியம். ஒரு கறிக்கு ரொட்ரீக் தீவின் சிவப்பு அவரையைப் பயன்படுத்தலாம். அதுவும் கப்பலில்தான் வருகிறது, ஆனால் 560 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நம் நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. இலைக்குக் கவலையே இல்லை. 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை வந்த பிறகு, வாழையிலை அறுப்பவர்களுக்கு நல்ல காலம். காற்றில் இலை கிழிந்துவிடும் என்பதால் காற்று மறைவான தோப்பு வைத்திருப்பவரிடம் சொல்லிவையுங்கள்.

பூசத்துக்குப் பின்

காவடி முடிந்த ஏழு நாளுக்குள் எல்லா விவசாயிகளுக்கும் மீதிப் பணம் போய்ச்சேர வேண்டும். காசோலைக்கு இரண்டு கையொப்பம் வேண்டும், ஒருவர் இந்தியாவுக்கு யாத்திரை போயிருக்கிறார் என்ற காரணம் வரக்கூடாது. காசோலைகளைப் பூசத்துக்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். பிறகு அந்த மூன்று பத்தி ஏட்டை மறுபடி எழுதுங்கள். முதற்பத்தி எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, சென்ற ஆண்டு காய் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் கொடுக்கச் சம்மதித்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். ஒருவர் விலகினால் ஏன் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும், தொலைபேசியில் உண்மை வராது.

மார்ச் மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு பொருளுக்கு முடிவு எடுத்தாக வேண்டும். வாழைக்கன்று நட்டதிலிருந்து தார் வெட்டப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். அடுத்த பூசத்துக்குப் பச்சை வாழைக்காய் வேண்டுமென்றால் கன்று மார்ச் முடிவதற்குள் மண்ணில் இருக்க வேண்டும்.